அக்கார்டியன் பட்டனை அழுத்தினால் கீபோர்டில் சவுண்டு மாற வேண்டுமா? மிடி செட்டிங் இப்படித்தான்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வாசிக்கப் போகும்போது டிஜிட்டல் அக்கார்டியனை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் கீபோர்டையும் ஸ்டாண்டையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் நான் வாசிக்கும் சர்ச்சிலேயே ஒரு கீபோர்டு இருக்கிறது, அதில் உள்ள ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், ஃப்ளூட் எல்லாவற்றையும் என் அக்கார்டியன் பட்டனிலிருந்தே கூப்பிட்டுவிடலாம். நிறையப் பேர் கேபிளைச் செருகி, வாசித்தால் சத்தம் வருகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டின் நடுவில் சவுண்டு மாற்ற கீபோர்டுக்காரத் தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறார்கள். அது வேண்டாம், மிடி போதும்: ஒரு கருவி இன்னொரு கருவிக்கு நோட்டையும் கட்டளையையும் அனுப்பும் முறை அது.

முதலில் கேபிள். இரண்டிலும் 5 பின் உள்ள வட்ட மிடி சாக்கெட் இருந்தால் வேலை சுலபம்: அக்கார்டியனின் அவுட்டிலிருந்து கீபோர்டின் இன்னுக்கு ஒரே கேபிள், 15 மீட்டருக்குள் இருந்தால் சரி. இப்போது வரும் சின்ன கீபோர்டுகளில் யூஎஸ்பி மட்டும்தான் இருக்கிறது. அக்கார்டியன் யூஎஸ்பியையும் கீபோர்டு யூஎஸ்பியையும் நேராகக் கோத்தால் ஒன்றும் நடக்காது, இரண்டுமே கம்ப்யூட்டரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவை. நடுவில் ஒரு லேப்டாப்போ, யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்று கேட்டால் கிடைக்கும் சின்னப் பெட்டியோ வேண்டும்.

அடுத்தது சேனல். மிடியில் மொத்தம் 16 சேனல், ஒரே கேபிளுக்குள் 16 தனித்தனிப் பாதைகள் மாதிரி. அக்கார்டியன் வலது கையை ஒரு சேனலிலும், இடது கையின் பேஸை (அடிச்சுரம்) இன்னொன்றிலும், அதே கையின் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மூன்றாவதிலும் அனுப்பும். எதை எதில் அனுப்புகிறது என்று உங்கள் அக்கார்டியனின் மிடி மெனுவில் பாருங்கள். ஆரம்பத்தில் வலது கையை மட்டும் அனுப்புங்கள், இடது கை இரண்டையும் ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. 10ஆம் சேனல் பக்கம் போகவே போகாதீர்கள், ஜெனரல் மிடி (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான 128 சவுண்டு வரிசை) கருவிகளில் அது டிரம்ஸுக்கானது, பேஸ் பட்டனை அழுத்தினால் டிரம் சத்தம் வரும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு சவுண்டைக் கூப்பிட மூன்று எண்கள் வேண்டும்: பேங்க் எம்எஸ்பி, பேங்க் எல்எஸ்பி, புரோகிராம். எந்த அலமாரி, எந்தத் தட்டு, அதில் எத்தனையாவது டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கார்டியன் மெனுவில் முதல் இரண்டும் சிசி 0, சிசி 32 (சிசி என்றால் கன்ட்ரோல் சேஞ்ச்) என்று இருக்கலாம், மூன்றாவது பிசி, அதாவது புரோகிராம் சேஞ்ச். இதே வரிசையில்தான் போக வேண்டும், பேங்க் எண் மட்டும் போனால் எதுவும் மாறாது, புரோகிராம் எண் போய்ச் சேர்ந்த பிறகுதான் சவுண்டு மாறும். இந்த எண்கள் கீபோர்டு கம்பெனியின் டேட்டா லிஸ்ட் என்ற பிடிஎஃப்பில் ஒவ்வொரு சவுண்டுக்கும் எதிரே அச்சடித்திருக்கும். திரையில் தெரியும் 001, 002 என்ற எண்ணை நம்பாதீர்கள், அது கம்பெனி தன் வசதிக்குப் போட்ட வரிசை.

டேட்டா லிஸ்ட் கிடைக்கவில்லையா, கீபோர்டு ஜெனரல் மிடி என்றால் பேங்க் இரண்டும் 0 என்று போட்டு இவற்றை முயலுங்கள்: சர்ச் ஆர்கன் 20, அக்கார்டியன் 22, ஸ்ட்ரிங்ஸ் 49, ஃப்ளூட் 74, சிதார் 105, ஷெனாய் 112. கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிப்பவர்கள் நாதஸ்வரத்தைத் தேடுவார்கள், இந்த 128 சவுண்டில் அது கிடையாது, ஷெனாய்தான் பக்கத்தில் வரும்.

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். மிடி எண்கள் உண்மையில் 0 முதல் 127 வரை போகின்றன, ஆனால் பல பட்டியல்கள் 1 முதல் 128 என்று எழுதுகின்றன. உங்கள் அக்கார்டியன் 0 முதல் எண்ணுவதாக இருந்தால் பட்டியலில் உள்ளதில் ஒன்றைக் கழித்துப் போட வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்ட்ரிங்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள், 49ம் 50ம் இரண்டுமே ஸ்ட்ரிங்ஸ், காதுக்கு வித்தியாசம் தெரியாது. 112 போட்டு வாசித்துப் பாருங்கள். ஷெனாய் வந்தால் சரி. கிணிகிணி என்று சின்ன மணிச்சத்தம் வந்தால் அது 113, உங்கள் அக்கார்டியன் 0 முதல் எண்ணுகிறது என்று அர்த்தம், எல்லா எண்ணிலும் ஒன்றைக் குறையுங்கள்.

சரி, மூன்று எண்ணையும் வலது கைப் பகுதிக்குப் போட்டு, அக்கார்டியனில் ஒரு யூசர் புரோகிராமில் (பட்டனை அழுத்தினால் வரும்படி நாமே சேமித்து வைக்கும் செட்டிங்) சேமியுங்கள். ஃப்ளூட்டுக்கு ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று, இப்படி. சேமிக்காமல் வெளியே வந்தால் போட்டதெல்லாம் போய்விடும். சில ஸ்டைல் கீபோர்டுகளில் (தானாகத் தாளமும் பின்னணியும் வாசிப்பவை) வெளியிலிருந்து வரும் சேனலை, கையால் வாசிக்கும் பகுதிக்கு அல்லாமல், பதிவான பாட்டை ஒலிக்கும் சாங் பகுதிக்குத்தான் விட்டிருப்பார்கள், அதனால் திரையில் கிராண்ட் பியானோ என்றே இருக்கும், காதில் ஃப்ளூட் கேட்கும். அது கோளாறு இல்லை. மாற்றும் பட்டனை ஒரு வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் அழுத்துங்கள், நோட் பிடித்திருக்கும்போது வேண்டாம்.

அப்புறம் துருத்தி. நீங்கள் இழுக்கிற தள்ளுகிற அழுத்தம், சத்தத்தை ஏற்றி இறக்கும் சிசி 11 ஆகப் போகிறது, ஸ்ட்ரிங்ஸும் ஃப்ளூட்டும் உயிரோடு கேட்பது அதனால்தான். ஒரு டிசம்பர் ராத்திரி, ஜன்னலுக்கு வெளியே ஏரியே தெரியாத மூடுபனி, பாட்டை முடித்து துருத்தியை மூடிவிட்டேன். கீபோர்டுத் தம்பி அடுத்த பாட்டை ஆரம்பித்தால் சத்தமே இல்லை. "அண்ணா, வால்யூம் ஃபுல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் வரலியே" என்றான். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம், அப்போதும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்ததும் வந்தது. துருத்தி நின்றபோது கடைசியாகப் போன எண் 0, கீபோர்டு அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதிலிருந்து கடைசி யூசர் புரோகிராமில் அந்தத் தம்பி எப்போதும் வைக்கும் பியானோவின் மூன்று எண்களைப் போட்டு, துருத்தியின் சிசி 11 போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைசி நோட்டைத் துருத்தியின் அழுத்தம் குறையும் முன்பே முடித்து, அழுத்தம் இருக்கும்போதே அந்தப் பட்டனைத் தட்டிவிட்டுத்தான் துருத்தியை மூடுகிறேன். அவன் கை வைத்ததும் பியானோ வருகிறது.