கிளிகளின் வைரஸ் நோயைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூண்டுக் கிளிகளைத் தாக்கும் வைரஸ்களுள் வளர்ப்பவர்களை மிகவும் அலைக்கழிப்பது, அலகு–இறகு நோயை உண்டாக்கும் சர்கோவைரஸ்தான். 1970களில் ஆஸ்திரேலியக் காக்கட்டூக்களிடம் விவரிக்கப்பட்ட இந்நோய், பறவை வணிகத்தோடு சேர்ந்து பல நாடுகளுக்கும் சென்றுவிட்டது. இதைக் கண்டறிய, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது, ஆயினும் பிழைகள் பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வெளியேதான் நேர்கின்றன.

முதல் பிழை, இறகு கொட்டட்டும் என்று காத்திருப்பது. தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே சில வாரங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். பழுதான இறகு அடுத்த இறகுதிர்வில்தான் முளைக்கும் என்பதால், புதிய கிளியை இரண்டு வாரம் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சுகளோ இறகு சிறிதும் கெடாமல், வெள்ளணுக்கள் குறைந்து சில நாள்களிலேயே இறந்துவிடக்கூடும். மாறாக, இறகிழந்த கிளி ஒவ்வொன்றும் நோயாளியும் அன்று. மன அழுத்தத்தால் தன் இறகைத் தானே பிடுங்கும் கிளிக்கு அலகு எட்டாத தலைப்பகுதி நன்றாகவே இருக்கும். தனிக்கூண்டில் வாழும் கிளியின் தலை இறகும் கெட்டிருந்தால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். காக்கட்டூவின் அலகில் வழக்கமாகப் படியும் வெண்பொடி மறைந்து அது கருமையாகப் பளபளப்பதும், எளிதில் கவனத்துக்கு வராத ஒரு முன்னறிகுறி.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழை இதைவிட மோசமானது. நகத்தைச் சற்று ஆழமாக வெட்டி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது எளிது என்பதாலேயே பரவிய பழக்கம். ஆனால் எச்சத்திலும் இறகுத் தூசியிலும் மிதிபட்ட நகத்தில் பக்கத்துக் கூண்டின் வைரஸும் ஒட்டியிருக்கும், நலமான கிளிக்கும் ‘தொற்று உண்டு’ என்ற முடிவு வரும். கால்நடை மருத்துவர் தோலைத் துடைத்துச் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தமே நம்பத்தக்கது. இறகு ஏற்கெனவே கெட்டிருந்தால் இரத்தம் மட்டும் போதாது: வெள்ளணு மிகக் குறைந்த பறவையின் இரத்தத்தில் வைரஸ் அகப்படாமல் போகலாம் என்பதால், புதிதாக முளைக்கும், தண்டில் இன்னும் இரத்தம் ஓடும் குருதி இறகையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஒரே முடிவை வைத்துத் தீர்ப்பெழுதுவதும் கூடாது. இறகு நலமாக உள்ள கிளிக்குத் தொற்று உண்டென்று வந்தால், அதைத் தனிமைப்படுத்தி 90 நாள் கழித்து மீண்டும் சோதிப்பதே முறை. சில பறவைகள் அதற்குள் வைரஸை வென்றுவிடும். அவசரப்பட்டுக் கருணைக்கொலை வரை சென்றவர்கள் உண்டு. கிளிகளின் நரம்பையும் செரிமான உறுப்புகளையும் தாக்கும் இன்னொரு வைரஸான போர்னாவைரஸோ, பறவையின் உடலிலிருந்து விட்டுவிட்டு வெளியேறுவது. அதில் ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததை அப்படியே நம்ப முடியாது.

நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று வழங்கும் பட்ஜிகளில் குஞ்சுகள் சிறகிறகும் வாலிறகும் இழந்து தரையில் ஓடித்திரிவது சர்கோவைரஸாலும் ஆகலாம், பாலியோமாவைரஸ் என்ற வேறொரு வைரஸாலும் ஆகலாம். எனவே இரண்டுக்கும் சோதனை கேட்க வேண்டும்.

இறந்த கிளியை உறையறையில் வைப்பது கடைசிப் பிழை. உறைந்த உடலிலிருந்து பி.சி.ஆர். செய்யலாம், ஆனால் பனிக்கட்டி செல்களைச் சிதைப்பதால் திசுவை நுண்ணோக்கியில் படிப்பது கடினமாகிவிடும். இறகுகள் உடற்சூட்டைத் தேக்கிவைப்பதால், சிறிது சோப்பு கலந்த குளிர்நீரில் உடலை நனைத்து, பையிலிட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.