தோட்டப்புற மாணவர் உபகாரச் சம்பளம் பெறுவது எப்படி? எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முதல் முனைவர் பட்டம் வரை ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்துள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களை மனத்திற்கொண்டு இவ்விளக்கத்தை எழுதுகிறேன். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளைக்கும், விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துத் திகைக்கும் பெற்றோருக்கும் இது பயன்பட வேண்டும். உபகாரச் சம்பளம் என்றவுடன் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பணம் தருபவர் பதிலுக்கு எதைக் கேட்கிறார் என்பதாகும். எந்தத் துறையில் படிப்பது, எந்த நாட்டில் வாழ்வது, முப்பது வயதில் யாரிடம் வேலை செய்வது என்பவற்றைப் பல வேளைகளில் அந்த நிபந்தனைகளே தீர்மானித்துவிடுகின்றன.

கணிதமேதை இராமானுஜனின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. கும்பகோணம் கல்லூரியில் அவருக்குக் கிடைத்திருந்த உபகாரச் சம்பளம், கணிதம் தவிர்த்த பாடங்களில் அவர் தேறாததால் பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பணம் அவரை அலுவலக மேசையிலிருந்து விடுவித்தது. 1918இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அவரை ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. முதல் உதவித்தொகை எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சியைக் கேட்டது. இரண்டாவது, அவர் எப்படியும் செய்துகொண்டிருந்த வேலையையே கேட்டது. ஒரே மனிதர் ஒன்றில் தோற்று மற்றொன்றில் வென்றதன் காரணம் அதுதான்.

முதற்படி: பணத்தின் வகையை அறிதல்

திருப்பித் தர வேண்டாத உபகாரச் சம்பளம், திருப்பித் தர வேண்டிய கல்விக் கடன், பின்னர் நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்துத் திருப்பித் தர வேண்டிய தொகை மாறும் மாற்றத்தக்க கடன் என மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1997இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் தருவது கடன். அதற்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு நிருவாகக் கட்டணம் உண்டு, விண்ணப்பிக்கும் முன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் தேறி, உரிய நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் பட்டதாரிகள் அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம். பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ, மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ், கசானா அறவாரியமான யாயாசான் கசானா போன்றவை தகுதி அடிப்படையில் உதவுபவை. இவற்றுக்குப் போட்டி கடுமையானது. மலேசிய இந்தியர் காங்கிரசின் கல்வி அமைப்பான எம்ஐஇடி இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்குகிறது.

நம்மவர் பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழக்கும் நிலையிலிருந்த தொழிலாளர்களைக் காக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை வழங்கி வருகிறது. பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்திருக்கலாம். அலமாரியில் கிடக்கும் பழைய பங்குச் சான்றிதழைத் தேடிப் பாருங்கள்; உறுப்பியம் யார் பெயரில் இருக்கிறது என்று சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆவணங்களை நான்காம் படிவத்திலேயே திரட்டுதல்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளித் தேர்வு முடிவுகள், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் தேசியப் பதிவிலாகாவில் திருத்துவதற்குக் காலம் பிடிக்கும்.

வருமானச் சான்றில்தான் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சிக்கல் வருகிறது. பால்மரம் சீவுபவருக்கும் குலை வெட்டுபவருக்கும் மழையையும் விளைச்சலையும் பொறுத்து மாதச் சம்பளம் ஏறி இறங்கும். அதிகம் கிடைத்த ஒரு மாதச் சீட்டை மட்டும் இணைத்தால் குடும்பத்தின் உண்மை நிலை மறைந்துவிடும். ஆகவே பல மாதச் சம்பளச் சீட்டுகளையும், வேலை, ஊதியம் பற்றித் தோட்ட அலுவலகம் தரும் உறுதிக் கடிதத்தையும் சேர்த்தே வையுங்கள். கடிதத்தைக் கிராணியாரிடம் (தோட்ட அலுவலக எழுத்தரிடம்) முன்கூட்டியே கேளுங்கள். மாதக் கடைசியில், சம்பளக் கணக்கு நடக்கும் நாள்களில் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: காலத்தைக் கணக்கிடுதல்

எஸ்பிஎம் முடிவு வெளிவந்தபின் பல விண்ணப்பங்கள் சில வாரங்களே திறந்திருக்கும். சில நிறுவனங்கள் முன்னோட்டத் தேர்வு முடிவைக் கொண்டே அதற்கு முன்பே விண்ணப்பம் பெறுகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் தொடக்க நாளையும் இறுதி நாளையும் அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றிவரும் படத்தை நம்பாதீர்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் முகவர் எவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

நான்காம் படி: ஒப்பந்தத்தை வாசித்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். பேங்க் நெகாராவோ பெட்ரோனாஸோ உங்களைப் படிக்கவைத்தால், படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே பணிபுரியும் கடப்பாடு ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். ஜேபிஏயின் மாற்றத்தக்க கடனில், நீங்கள் அரசுப் பணியில் சேர்கிறீர்களா, தனியார் துறைக்குப் போகிறீர்களா என்பதைப் பொறுத்துத் திருப்பிச் செலுத்தும் தொகை மாறும். இருபத்திரண்டு வயதில் வேலை உறுதி என்பது தோட்டத்துக் குடும்பத்துக்குச் சிறிய காரியமன்று. தம்பி தங்கையரின் படிப்பே அதனால் நிலைபெறலாம். அதே கடப்பாடு, பட்டம் பெற்றவுடன் முழுநேர ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மாணவிக்குத் தடையாகவும் அமையலாம். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அக்காளோ மாமாவோ முடிவு செய்ய முடியாது.

ஒப்பந்தத்தில் ஐந்து செய்திகளைத் தேடி அடிக்கோடிடுங்கள்: பணிக் கடப்பாடு எத்தனை ஆண்டு, ஒவ்வொரு பருவத்திலும் காக்க வேண்டிய தரப்புள்ளிச் சராசரி எவ்வளவு, துறை மாற அனுமதி உண்டா, மேற்படிப்புக்காகப் பணியைத் தள்ளிவைக்கலாமா, ஒப்பந்தத்தை முறித்தால் யார் எவ்வளவு கட்ட வேண்டும். பிணையாளராகக் கையெழுத்திடும் சித்தப்பாவுக்கு இந்த ஐந்தாவது செய்தியைத் தெளிவாக விளக்கிவிட்டே பேனாவைக் கொடுங்கள். மரியாதைக்காகப் போடும் கையெழுத்து அன்று அது. கடன் அவர் தலையிலும் விழக்கூடும். ஒரே வேளையில் இரு முழு உதவிகளைப் பெறப் பொதுவாக அனுமதியில்லை என்பதால், பின்னர் மேலான வாய்ப்பு வந்தால் முதல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பக் கட்டுரை எழுதுதல்

வறுமையைப் பற்றிய பொதுவான வரிகளால் கட்டுரையை நிரப்பாதீர்கள். குடும்ப வருமானம் ஏற்கெனவே ஆவணத்தில் இருக்கிறது. “என் தந்தை தோட்டத்தில் கஷ்டப்படுகிறார், எனவே நான் பொறியியலாளராக விரும்புகிறேன்” என்னும் வாக்கியத்தில் தந்தையின் உழைப்புக்கும் பொறியியலுக்கும் தொடர்பே இல்லை. இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: “வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று என் தந்தை லாரிக்காகக் காத்திருந்து பதறுவதைப் பார்த்திருக்கிறேன். தாமதமானால் பழத்தில் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் குறைகிறது என்பதை வேதியியல் பாடத்தில் அறிந்தபோது, பதப்படுத்தும் முறைகளைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.” இரண்டாவது பத்தி, மாணவர் கண்டதையும் கற்றதையும் படிக்கப்போவதையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கும் இப்படிச் சொல்ல ஏதாவது இருக்கும். ஃபார்மிக் அமிலம் ஊற்றியவுடன் பால் உறைவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேதியியல் அந்நியமா என்ன?

எழுதியதை மலாய், ஆங்கில ஆசிரியர்களிடம் காட்டித் திருத்துங்கள். நேர்காணலுக்கும் அதே கட்டுரைதான் அடிப்படை. அதில் எழுதியதை அம்மொழிகளில் வாய்விட்டு விளக்கிப் பழகுங்கள்.

ஆறாம் படி: ஆய்வு நல்கைக்கு நகர்தல்

பட்டப்படிப்புக்குப்பின் பணம் வரும் வழி மாறுகிறது. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை ஆய்வு மாணவர் பலர், தம் மேற்பார்வையாளர் வென்ற ஆய்வு மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளராக மாதப்படி பெறுகின்றனர். அந்த மானியம் எப்போது முடிகிறது என்பதைச் சேரும் முன்பே பேராசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். மானியம் முடிந்து ஆய்வு முடியாமலிருந்தால் கடைசி ஆண்டைக் கைப்பணத்தில் கடக்க நேரிடும். முனைவர் பட்டத்தைப் பாதியில் விடுவோரில் சிலருக்கு அறிவுக் குறையன்று, இக்கணக்குக் குறையே காரணம்.

வெளிநாட்டு வாய்ப்புகளில், 1983இல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைக்கு உதவுகிறது. குறைந்தது ஈராண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், வேண்டும். படித்தபின் ஈராண்டுக்குத் தாயகம் திரும்பியாக வேண்டும். வேலை அனுபவம் வேண்டும் என்பதால், பட்டம் பெற்றவுடன் பெரும்பாலோர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. முதலில் செய்யும் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவிக்குத் தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். ஆய்வு மாணவருக்கு அதில் ஆய்வுத் திட்டமே முதன்மை.

பரிந்துரைக் கடிதம் தருபவரைப் பதவி பார்த்துத் தேடாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தைவிட, உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைத் திருத்திய விரிவுரையாளரின் கடிதம் எடையுள்ளது. அவருக்கு உங்கள் கட்டுரையையும் மதிப்பெண் பட்டியலையும் இறுதி நாளையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, இறுதி நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே கேளுங்கள். முடிவு எதுவானாலும் அவருக்குத் தெரிவியுங்கள். கிடைக்காவிட்டால், மறுமுறை எந்தப் பகுதியை மாற்றி எழுதலாம் என்று கேட்பதற்கும் உரியவர் அவரே.