"எவ்வளவு போகுதுப்பா?": நியாய விலைக் காபி பேசும் புது பாரிஸ்டாக்கள் செய்கிற தவறுகள்

காபிக் கடைக் கவுன்டருக்குப் பின்னால், காபி போட்டுக் கொடுக்கும் பாரிஸ்டாவாக நிற்க ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் பலருக்கும் இது வந்துவிடும். கையில் ஸ்டீம் பட்ட தழும்பு, அதோடு காபி விவசாயிகள் மேல் திடீரென்று ஒரு பெரிய பாசம். எனக்கும் வந்தது. விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலையாவது கிடைக்க வேண்டும் என்று விதி வைத்து, அப்படி வாங்கிய காபிக்கு முத்திரை கொடுக்கும் அமைப்புதான் ஃபேர்ட்ரேட். கப்புசினோ வாங்கிய ஒரு பெரியவரிடம், "சார், இது ஃபேர்ட்ரேட் காபி, நீங்க குடுக்குற காசு நேரா விவசாயிக்குப் போகுது" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு போகுதுப்பா?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன்.

முதல் தவறு அதுதான், தொகை தெரியாமல் வாயைத் திறப்பது. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு ஃபேர்ட்ரேட் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை, பவுண்டுக்கு 1.80 டாலர். 2023 ஆகஸ்ட் வரை அது 1.40 ஆகத்தான் இருந்தது. விலைக்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட், பிரீமியம் என்ற பெயரில் கூடுதலாக உண்டு. சரி, அதை ஒரு கப்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு கப்புக்கு மெஷினில் இறக்கும் டபுள் ஷாட் டிகாக்ஷனுக்கு 18 கிராம் தூள் போடுகிறோம், வறுவலில் எடை குறையும் என்பதால் பச்சைக்கொட்டையாக அது 21 கிராம் இருந்திருக்கும், அந்த 21 கிராமுக்கு உரிய பிரீமியம் ஒரு சென்ட்கூட வராது. நம் காசில் ஒரு ரூபாய்க்கும் கீழே. அதுவும் விவசாயி கையில் நேராகப் போவதில்லை, அவருடைய கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது, பள்ளிக்கூடமா, ரோடா, உலர்களமா என்று உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கன்டெய்னரில் 18, 19 டன் கொட்டை ஏறும், அதற்கு இதே பிரீமியம் எட்டாயிரம் டாலரை ஒட்டி வரும், மலைமேல் இருக்கும் ஒரு சிறு சங்கத்துக்கு அது நல்ல பணம். ஆனால் "நீங்க குடுக்குற காசு நேரா போகுது" என்பது பொய்.

குறைந்தபட்ச விலையைப் பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. ஃபேர்ட்ரேட் என்றால் எப்போதும் சந்தையைவிட அதிக விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது, அப்போது 1.80-க்கு என்ன வேலை? சந்தை விலை மேலே இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே விதி. குறைந்தபட்ச விலை பயன்படுவது சந்தை சரியும்போது. 2001-ல் சந்தை விலை 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது, மத்திய அமெரிக்காவில் ஃபேர்ட்ரேட் சங்கங்களுக்கு 1.21 டாலர் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் செடியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அப்புறம், பாக்கெட்டில் இருக்கிற முத்திரைகளை எல்லாம் ஒரே கூடையில் போடுவது. ஆர்கானிக் என்பது உரம், பூச்சிமருந்து சம்பந்தப்பட்டது, அதை வைத்துக் கூலியைப் பற்றிப் பேச முடியாது. தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸில் குறைந்தபட்ச விலை என்ற ஒன்றே கிடையாது. விவசாயியிடம் நேரடியாக வாங்கினோம் என்று சொல்லும் டைரக்ட் டிரேட் இன்னும் தளர்வானது, அதற்குச் சட்டப்படி ஒரு வரையறை இல்லை, யார் வேண்டுமானாலும் சுவரில் எழுதிக்கொள்ளலாம். நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் ஃபேர்ட்ரேடைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் சிரிக்கிற விவசாயியின் போட்டோ எதற்கும் அத்தாட்சி ஆகாது. உங்கள் கடைக்குக் கொட்டையை வாங்கி வறுத்துத் தருகிற ரோஸ்டரிடம் கேளுங்கள்: என்ன விலைக்கு வாங்கினீர்கள், எத்தனை மூட்டை, போன வருடமும் அதே ஆளிடம்தானா? இரண்டு மூட்டை வாங்கிவிட்டு ஐந்து வருடம் அதே கதையைச் சொல்கிற ரோஸ்டர்களும் உண்டு.

எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, விவசாயி வேறு, பழம் பறிக்கிறவர் வேறு. காபியில் ஃபேர்ட்ரேட் இன்டர்நேஷனலின் முத்திரை சிறு விவசாயிகளின் சங்கங்களுக்குத்தான், பெரிய எஸ்டேட்டுக்குக் கிடையாது. 2011-ல் அமெரிக்கக் கிளை தனியாகப் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் சிக்மகளூரிலோ ஏற்காட்டிலோ இருக்கிற ஒரு எஸ்டேட் காபியில் அந்த முத்திரை இல்லை என்று, அங்கே அநியாயம் நடக்கிறது என முடிவுகட்டாதீர்கள். நியாயம் நடக்கிறது என்றும் முடிவுகட்டாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி கூலியைப் பற்றியது. நாம் "நன்றாகச் சிவந்த பழம் மட்டும் பறித்தது" என்று மெனுவில் எழுதி ரசிக்கிறோமே, அதற்கு ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும், கூடை மெதுவாகத்தான் நிறையும், கூலியோ பல இடங்களில் கிலோ கணக்கு. சிவந்ததை மட்டும் பறிக்கச் சொன்னால் கிலோவுக்குக் கூலியை ஏற்றினார்களா இல்லையா? இதற்குப் பதில் தெரிந்த பாரிஸ்டாவை நான் பார்த்தது அபூர்வம், பல கடை முதலாளிகளுக்கும் தெரியாது.

இன்னொரு கெட்ட பழக்கம், சிக்கரி போட்ட டிகாக்ஷன் குடிக்கிறவரை மட்டமாகப் பார்ப்பது. அவர் வாங்கும் பீபரி என்கிற உருண்டைக் கொட்டையும் ரொபஸ்டா வகையும் பெரும்பாலும் இதே கர்நாடகத்திலும் நம் மலைகளிலும் விளைந்ததுதான். இந்தியக் காபித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 25 ஏக்கருக்கும் குறைந்தவை, தெருமுனைக் கடையின் தூளுக்குப் பின்னாலும் ஒரு சிறு விவசாயி இருக்க வாய்ப்பு அதிகம். எத்தியோப்பியாவில் இருக்கும் சங்கத்தின் பெயர் தெரிந்து, நம் பழனி மலையில் காபி விளைகிற தாண்டிக்குடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கம்தான், எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கடைசியாக, காலையில் தூளின் அளவு சரியாக வரக் கிரைண்டர் செட் பண்ணுகிறேன் என்று ஐந்தாறு ஷாட்டை இழுத்து சிங்க்கில் ஊற்றுவது. கிட்டத்தட்ட நூறு கிராம் தூள் போகிறது, அதற்கு முக்கால் கிலோ அளவுக்குப் பழம் பறித்திருப்பார்கள். ஒரே அளவு எடை போட்டு, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, நேற்றைய செட்டிங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இரண்டு ஷாட்டில் முடியும் வேலை இது. என் கடையில் அந்த நோட்டு கிரைண்டருக்குப் பக்கத்திலேயே, நூலில் கட்டித் தொங்குகிறது.