ரோட்டிஃபரை ஓரிடத்தில் நிறுத்திய கதை – என் அனுபவம்

குளத்து நீரில் வாழும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க உட்கார்ந்தால் வரும் முதல் எரிச்சல், அது ஓரிடத்தில் நிற்காது என்பதுதான். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 100 மடங்கில் வைத்துப் பார்த்தால், ஸ்லைடை நகர்த்துவதற்குள் ஓடிவிடும். சரி, தண்ணீரைக் குறைக்கலாம் என்றால் மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் அதை நசுக்கிவிடுகிறது.

எனக்குக் கைகொடுத்தவை பஞ்சும் வாசலினும். மருந்துக்கடைப் பஞ்சிலிருந்து சில இழைகளைப் பிரித்துச் சொட்டில் போட்டேன். ரோட்டிஃபர்கள் இழைகளுக்கு நடுவே சிக்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. கவர் ஸ்லிப்பின் நான்கு மூலைகளிலும் கடுகளவு வாசலின் தடவி, ஊசி முனையால் மெல்ல அழுத்தினால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சாகவும் கூடாது, ஓடவும் கூடாது. அந்த அளவு கைக்குப் பழக நாளாகும். நீரைக் கொழகொழப்பாக்கும் மெத்தில் செல்லுலோஸ் கரைசலும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அதன் தலையிலுள்ள சிலியா என்ற நுண்மயிர்களின் அசைவும் சேர்ந்து மந்தமாகிவிடுவதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் வெளிச்சம். ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் டயஃப்ரத்தை, அதாவது ஒளி வரும் துளையை, சுருக்கியதும், ஒளியில் கரைந்து கிடந்த உடல் பளிச்சென்று தெரிந்தது. தலையில் சக்கரம் சுழல்வதுபோல் தெரியும். உண்மையில் எதுவும் சுழல்வதில்லை, சிலியா வரிசையாக அடிப்பதால் வரும் தோற்றம். அதற்குப் பின்னால் மாஸ்டாக்ஸ் என்ற தாடை உறுப்பு ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்கும். சக்கரத்தைவிட எனக்கு அதுதான் பெரிய வேடிக்கை.

நீர் வற்றினால் கவர் ஸ்லிப் ஓரத்தில் அதே குளத்து நீரையே ஒரு சொட்டு விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கலாம்.