பருவங்களில் மன அமைதி தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கையோடு ஒட்டி வாழ விரும்புகிறவர்களில் பலர் அழகான பருவத்துக்காகவே காத்திருக்கிறார்கள். பூக்கும் காலம் வந்தால் ஒரு பயணம், நிறையப் படங்கள். மற்ற மாதங்களை எண்ணிப் பார்ப்பதே இல்லை. முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தினமும் கடந்துபோகும் ஒரு மரமே போதும்.

இலை உதிர்ந்த கிளையைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடுகிறது. கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். குளிர்ப் பிரதேச மரங்கள் பலவற்றில், அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, செதில்களால் மூடப்பட்டு, அந்தக் கிளையிலேயே இருக்கும். உதிர்வதும் மரத்தின் வேலைதான்: காம்பின் அடியில் ஓர் அடுக்குத் திசுவை வளர்த்து, இலையை அதுவே கழற்றிவிடுகிறது. இது தெரிந்த பிறகு அந்தக் கிளையை வெறுமை என்று சொல்ல மனம் வராது.

அடுத்து, வேறு ஊரின் பருவத்தை இரவல் வாங்குவது. பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பருவங்கள் உண்டாகின்றன. ஆனால் அவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான்; அங்கே பருவத்தைப் பெரும்பாலும் மழைதான் பிரிக்கிறது. தென் அரைக்கோளத்தில் டிசம்பர் என்றால் கோடை. அதனால் எங்கோ எழுதிய ‘குளிர்காலப் பயிற்சி’யை அப்படியே செய்யாமல், உங்கள் வானம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

‘மேகமாக இருக்கிறது, நாளைக்குப் போகலாம்’ என்று தள்ளிப்போடுவதும் தவறு. மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல்லாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கலாம். வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறுதான். உடல் கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம் தேவை, முக்கியமாகக் காலையில்.

இன்னொன்று, இலக்கு வைத்துக்கொண்டு ஓடுவது. வாரம் 120 நிமிடமாவது இயற்கையில் இருப்பவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று 2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு காட்டியது. அது ஒரு தொடர்பு மட்டுமே. அதுவே காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தால் பக்கத்தில் கூவும் பறவைகூடக் காதில் விழாது. மனம் அலைந்தால் அலையட்டும். அப்புறம் ஏதாவது ஒரு சத்தத்துக்குத் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான்.

கடைசியாகச் சொல்வதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஆண்டுதோறும் அதே மாதங்களில் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் மாறி, எதிலும் நாட்டமில்லாமல் போனால், ‘சரி, பருவம் மாறினால் சரியாகிவிடும்’ என்று பொறுத்துக்கொண்டே இருக்காதீர்கள். அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தாலும் அவருடைய குழுவினரும் 1984இலேயே அதை விவரித்திருக்கிறார்கள். ஒளி சிகிச்சை, மனநல ஆலோசனை, மருந்து என்று பல வழிகள் இருக்கின்றன. மருத்துவரைப் பாருங்கள், நடைப்பயிற்சியையும் விட வேண்டாம்.