அரசு டெண்டருக்கு முதல்முறை போடுகிறீர்களா? நம்பிக்கையோடு தொடங்க ஒரு செய்முறை

"அதெல்லாம் உள்ளே ஆள் இருக்கறவங்களுக்குத்தான் கிடைக்கும்." இதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் அரசு டெண்டர் பக்கம் போயிருக்க முடியாது. பள்ளி பெஞ்ச், இரும்பு ரேக் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. நானும் நாலு வருஷம் இதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு அரைமனதோடு ஒன்று போட்டேன். விலையைத் திறப்பதற்கு முன் தகுதித் தாள்களைப் பார்க்கும் டெக்னிக்கல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். "ஆள் வச்சுத் தள்ளிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து நான் ஏற்றிய பி.டி.எஃப்.களை நானே திறந்து பார்த்தேன். மூன்று வருஷ டர்ன்ஓவர் சான்று கேட்டிருந்தார்கள். ஆடிட்டர் கொடுத்த தாளில் இருந்தது இரண்டு வருஷம். நானும் பார்க்காமலே ஏற்றியிருந்தேன்.

எப்படியும் கிடைக்காது என்று நினைப்பவன் தாளைச் சரிபார்ப்பதில்லை. அவநம்பிக்கை செய்யும் சேதம் அதுதான். உள்வேலையே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது தாளில்தான். தாள் நம் கையில் இருக்கிற விஷயம்.

படி 1: பயத்தைக் கேள்வியாக்குங்கள்

"எனக்குக் கிடைக்காது" என்று தோன்றினால், "எந்த நிபந்தனையால் கிடைக்காது?" என்று கேட்டுப் பாருங்கள். டெண்டர் ஆவணத்தில் தகுதி நிபந்தனைப் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் நேரே 'இருக்கு', 'இல்லை', 'வாங்கலாம்' என்று எழுதுங்கள். எனக்கு முதல்முறை 14 வரி வந்தது. 'இல்லை' என்று எழுதியது இரண்டே இரண்டு. இரவெல்லாம் யோசித்துக் கிடந்த மலை, காலையில் பார்த்தால் இரண்டு வரி.

படி 2: அடிப்படைக் காகிதங்கள்

பான், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல் நகல்கள், வகுப்பு 3 டிஜிட்டல் கையொப்பம். இவற்றோடு குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் உத்யம் பதிவை நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

உத்யம் ஏன் முக்கியம் என்றால், 2012 கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25-க்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையிலும் இந்த நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சலுகைகள் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பொருந்தாது.

படி 3: சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

மத்திய அரசுக் கொள்முதல் பெரும்பாலும் ஜெம் (GeM) எனப்படும் அரசு இணையச் சந்தைத் தளத்தில் நடக்கிறது. மாநில அரசுத் துறைகளுக்கு டி.என். டெண்டர்ஸ் தளம். முதல் மாதம் எதற்கும் போடாதீர்கள். உங்கள் பொருளுக்கு வரும் பத்து டெண்டரை மட்டும் படியுங்கள். முடிந்துபோன டெண்டர்களில் யார், என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். என் பட்டறை அளவுள்ள ஆட்கள் ஜெயித்திருப்பதை அந்தப் பட்டியலில் பார்த்தபோது வந்த தைரியம், எந்தப் பேச்சைக் கேட்டும் எனக்கு வந்ததில்லை.

படி 4: சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள்

நிபந்தனை குறிப்பிட்ட ஒரு கம்பெனிக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தால், டீக்கடையில் புலம்பிப் பயனில்லை. டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்க நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டம் இல்லையென்றால், ஆவணத்தில் குறிப்பிட்டிருக்கும் தேதிக்குள் எழுதிக் கேளுங்கள். "ஐயா, தகட்டின் கனம் 1.2 மி.மீ. என்று குறிப்பிட்டுள்ளீர்கள். 1.25 மி.மீ. தகடு ஏற்கப்படுமா?" இப்படி, ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். நியாயமான கேள்வி என்றால் திருத்த அறிவிப்பாகவே வெளிவரும். அதனால் கடைசி நாள் வரை தளத்தில் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 5: விலை

எப்படியாவது ஜெயித்தே ஆக வேண்டும் என்று அடிமட்ட விலை போடுவது நம்பிக்கை ஆகாது, அது பதற்றம். இரும்பு, கூலி, பெயின்ட், லாரி வாடகை, இறக்குக்கூலி, ஜி.எஸ்.டி., பில் பாஸ் ஆகும்வரை முடங்கும் பணத்துக்கான வட்டி, இவ்வளவையும் கூட்டிவிட்டு லாபம் வையுங்கள். ஜெயித்தால், ஆர்டரை ஒழுங்காக முடிப்போம் என்பதற்குக் கட்ட வேண்டிய செயல்திறன் உத்தரவாதத் தொகையையும் மறக்காதீர்கள். இ.எம்.டி. விலக்கு இருப்பதால் இதற்கும் விலக்கு உண்டு என்று நினைத்துவிடக் கூடாது.

எல்1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவராக, வராவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. மத்திய அரசுக் கொள்முதலில் குறு, சிறு நிறுவனமல்லாத ஒருவர் ஒரு டெஸ்க்குக்கு ₹4,000 சொல்லி எல்1 ஆகிறார், நீங்கள் ₹4,500 சொல்லியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 15 சதவீத வரம்பான ₹4,600-க்குள் நீங்கள் இருப்பதால், ₹4,000-க்கு இறங்கச் சம்மதித்தால், பிரிக்கக்கூடிய கொள்முதலில் 25 சதவீதம் வரை உங்களுக்குக் கிடைக்க வழி உண்டு. அந்த விலை கட்டுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பவர்தான் அந்த நேரத்தில் தெளிவாகப் பதில் சொல்வார்.

படி 6: ஏற்றுவது

மூன்று மணிக்கு முடியும் டெண்டருக்கு 2.40-க்கு உட்கார்ந்து, டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காமல், கை நடுங்கப் பின் நம்பரைத் தப்பாக அடித்திருக்கிறேன். மறுபடி மறுபடி தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு தெம்பான ஆளையும் அந்த இருபது நிமிடம் உடைத்துவிடும். எனவே முந்தின நாளே ஏற்றிவிடுங்கள்.

டி.என். டெண்டர்ஸில் விலைப்பட்டியல் எக்செல் கோப்பாக வரும். அதன் பெயரை மாற்றாதீர்கள். நிரப்பச் சொல்லி நிறம் கொடுத்த கட்டங்களைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியாக 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் பிட் போய்ச் சேரும். "எல்லாம் போட்டேனே, பேரே வரலையே" என்று கேட்பவர்களில் பலர் அந்தப் பொத்தானை விட்டவர்கள். ஒப்புகைச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

படி 7: தோற்றால்

ஒரு நோட்டு போடுங்கள். டெண்டர் எண், நம் விலை, எல்1 விலை, தள்ளப்பட்ட காரணம், அடுத்த முறை மாற்ற வேண்டியது. பக்கத்துக்கு ஒரு டெண்டர். என் நோட்டில் முதல் ஆறு பக்கமும் தோல்விதான். ஆனால் ஒரே காரணம் இரண்டு தடவை வரவில்லை. அதைப் பார்த்துத்தான் ஏழாவதற்குப் போட்டேன்.

காரணம் தவறு என்று தெரிந்தால் சும்மா விடாதீர்கள். ஜெம்மில் டெக்னிக்கல் சுற்றில் தள்ளினால் ஆட்சேபம் சொல்ல 48 மணி நேரம் தருகிறார்கள். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 11-ஆவது பிரிவில், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய இடம் இருக்கிறது. கோபத்தை வைத்து எழுதாதீர்கள். பக்க எண்ணையும் பத்தி எண்ணையும் வைத்து எழுதுங்கள்.

இயந்திரம் இல்லை, இடம் இல்லை என்பதுதான் காரணம் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். நம் ஊரில் மானியம் என்பது பெரும்பாலும் வங்கிக் கடனோடு சேர்ந்தே வரும். புதிதாகத் தொடங்குபவருக்கான பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தயாரிப்புத் தொழிலுக்கு ₹50 லட்சம் வரையிலான திட்ட மதிப்புக்கு, இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். அந்தத் தொகை உடனே கையில் வராது. மூன்று வருஷம் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்கள் இயந்திரங்களுக்கான மாநில மூலதன மானியம் பற்றிக் கேளுங்கள். திட்ட அறிக்கையை யாரோ எழுதிக் கொடுத்தாலும், வங்கி மேலாளர் "மாசம் எத்தனை பீஸ் போகும்?" என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு வீட்டில் பத்து தடவை சொல்லிப் பாருங்கள்.

படி 8: கிடைத்த பிறகு

ஆர்டரில் உள்ள தேதிக்கு முன்பே சரக்கை இறக்குங்கள். தாமதமானால் அபராதம் பிடிப்பார்கள். பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2006-இன் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குச் சரக்கு ஏற்கப்பட்ட 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வராத பணத்துக்கு ஆன்லைனில் நீங்களே புகார் பதியலாம். இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளே ஏற்ற நாளாகக் கணக்காகும்.

அதனால் லாரி கிளம்பும்போது டெலிவரி சலான் மூன்று நகல் கொடுத்தனுப்புங்கள். இறக்கி முடித்ததும் பெயர், பதவி, முத்திரையோடு, கீழே தேதியும் போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். எங்கள் டிரைவர் ஒருமுறை கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தேதிக்காக மறுநாள் 40 கிலோமீட்டர் திரும்பப் போய் வந்தோம்.