தத்தெடுத்த குழந்தை இரவில் தூங்காமல் தவித்தால்

தூங்க வேண்டுமென்றால் கண்ணை மூட வேண்டும். மூடினால் பக்கத்தில் இருப்பவர் மறைந்துபோவார். பிறந்ததிலிருந்து ஒரே கையில் வளர்ந்த குழந்தைக்கு இது பெரிய விஷயமில்லை, விழித்தால் அதே முகம் இருக்கும் என்று அதற்குத் தெரியும். தத்து வந்த குழந்தைக்கு அந்த நம்பிக்கை வர வழியே இருந்திருக்காது. பழகிய முகம், பழகிய குரல், பழகிய வாசனை எல்லாம் ஒரு தடவையாவது ஒரே நாளில் போயிருக்கும். சில குழந்தைகளுக்குப் பல தடவை. அதனால் இருட்டியதும் அது காவல் காக்க ஆரம்பிக்கிறது.

நான் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தவள். மகள் வந்தபோது அவளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. மகன் வந்தபோது நான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். மகள் இரவில் சத்தமே போடமாட்டாள். தற்செயலாக எழுந்து பார்த்தால், கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்துப் படுத்திருப்பாள். எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? மகன் அவளுக்கு நேர்மாறு. படுக்கை விரிப்பதைப் பார்த்தாலே வீடு முழுக்க ஓடுவான், சிரிப்பான், எதையாவது தள்ளிவிடுவான். பார்ப்பவர்களுக்கு அது குறும்பாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

தனியாகத் தூங்கப் பழக்குவதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். எப்போது விழித்தாலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று குழந்தைக்குக் காட்டுவதுதான் முதல் வேலை. கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

வீட்டுக்கு வருவதற்கு முன்பே கேட்க வேண்டியவை

காப்பகமோ வளர்ப்புக் குடும்பமோ, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் யாரோ அவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பகல் நேரப் பொறுப்பாளருக்கு இரவில் நடப்பது அவ்வளவாகத் தெரியாது. அறையில் எத்தனை பேர் படுப்பார்கள், விளக்கு எரியுமா, மின்விசிறி ஓடுமா, பால்புட்டியோடு தூங்குமா, தட்டிக்கொடுத்தால் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'நன்றாகத் தூங்கும்' என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். 'தூங்குவதற்கு முன்னால் என்ன செய்யும்?' என்று கேட்டால்தான் விவரம் வரும்.

குழந்தை போர்த்திய போர்வையோ போட்டிருந்த சட்டையோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். துவைக்காதீர்கள். அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே வாசனை அதில்தான் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் படுக்கையில் தளர்வான துணி வேண்டாம், விழித்திருக்கும் நேரத்தில் மடியில் வைத்துக் கொடுத்தால் போதும்.

முதல் வாரங்கள்

உங்கள் அறையிலேயே படுக்க வையுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் உங்கள் கட்டிலை ஒட்டித் தனிப் படுக்கை. அது கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் கூடாது. இது எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் பொருந்தும் பாதுகாப்பு விதி, பாசத்தைக் காரணம் காட்டி இதைத் தளர்த்த வேண்டாம். அதைவிடப் பெரிய குழந்தைக்கு உங்கள் பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போட்டால் போதும். விழித்ததும் கை நீட்டித் தொடும் தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசை ஆசையாக அலங்கரித்த தனி அறை இருக்கிறதே என்று பலருக்கு மனசு கேட்காது. அந்த அறை பகலில் விளையாட உதவும். பல பேர் ஒன்றாகப் படுத்து, இருமல் சத்தமும் நடமாட்டமும் கேட்டுக்கொண்டே தூங்கிய குழந்தைக்கு அமைதியான இருட்டறை பழக்கமில்லாத ஒன்று. மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று எரியட்டும். மின்விசிறிச் சத்தம் பழகியிருந்தால் அதுவும் ஓடட்டும்.

படுக்கப் போகும் வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றாமல் செய்யுங்கள். எங்கள் வீட்டில் கை கால் கழுவி, வயிறு நிறையச் சாப்பிட்டு, பல் துலக்கி, கழிப்பறை போய் வந்து, ஒரே புத்தகம், ஒரே பாட்டு. உங்களுக்கு அலுத்துப்போகும். குழந்தைக்கோ அடுத்து என்ன வரும் என்று தெரிவதே பெரிய ஆறுதல். டிவி, கைபேசி எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே அணைந்துவிட வேண்டும். முதல் வாரங்களில் வீட்டில் இருக்கும் ஓரிருவர்தான் தூங்க வைக்க வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பகலில் கொஞ்சிக்கொள்ளட்டும்.

விளக்கைக் குறைத்ததும் சொல்லுங்கள்: 'நீ தூங்கும்போது அம்மா இங்கேதான் இருப்பேன். நீ எழுந்திருக்கும்போதும் இருப்பேன்.' மொழி புரியாத குழந்தையிடமும் இதே சொற்களை இதே குரலில் சொல்லுங்கள். சொன்னபடி இருங்கள். கண் மூடியதும் பூனை மாதிரி நழுவிப் போவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஒரு தடவை விழித்து ஆளைக் காணாத குழந்தை, அடுத்த இரவு இன்னும் அதிக நேரம் காவல் இருக்கும். எழுந்து போகத்தான் வேண்டுமென்றால், அது விழித்திருக்கும்போதே 'தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய், அது கூப்பிடும் முன்பே திரும்பி வாருங்கள். முதலில் அரை நிமிடம் போதும்.

எல்லாக் குழந்தைக்கும் அணைப்புப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். அடி வாங்கிய குழந்தைக்கும், அதிகம் தூக்கப்படாத குழந்தைக்கும் இருட்டில் வரும் கை பயமாக இருக்கலாம். என் மகன் முதுகில் கை வைத்தால் விறைத்துப்போவான். கையை எடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சில இரவுகள் கழித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே, அவனாக ஒரு பாதத்தை நீட்டி என் முழங்காலில் வைத்தான். அப்புறம் தினமும் அப்படித்தான் தூங்கினான். தொடுவதை ஆரம்பிக்கும் உரிமையைக் குழந்தையிடமே விட்டுவிடுவது நல்லது. மகளுக்கு வேறு வழி. கம்பிக்குப் பதிலாக என் விரலைக் கையில் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள்.

பசியைப் பார்த்த குழந்தை என்றால், சாப்பாடு தீர்ந்துபோகும் என்ற பயமும் தூக்கத்தைக் கெடுக்கும். தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும், விவரம் தெரிந்த வயதென்றால் தொண்டையில் அடைக்காத மென்மையான ஏதாவது ஒரு சின்ன டப்பாவிலும் வையுங்கள். சாப்பிட்டால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலும் திறக்கவே மாட்டார்கள். இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

எவ்வளவு தூக்கம் வேண்டும் என்றால், பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரம், மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் சொன்ன அளவு இது. ஆரம்பத்தில் இதை எட்டாவிட்டால் பதற வேண்டாம். ஆனால் 'நன்றாகக் களைக்கட்டும், தானாகத் தூங்கும்' என்று நேரத்தைத் தள்ளாதீர்கள். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் துள்ளும், தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

இன்னொன்று. சில குழந்தைகள் வந்த புதிதில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டு, சில வாரம் கழித்துத்தான் அழ ஆரம்பிக்கும். என்னவோ கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் இருந்தது அதிர்ச்சியில் ஒடுங்கிய தூக்கமாக இருக்கலாம். இப்போது இழப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அதனால் பயமும் இருக்கிறது. என் மகள் முதன்முதலாக நள்ளிரவில் குரல் கொடுத்து அழுதபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அழுதால் நான் வருவேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டாளே!

அழவிட்டுப் பழக்கலாமா?

வேண்டாம். தனியாக விட்டு, அழுகையை இத்தனை நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்து பழக்கும் முறையை யாராவது உங்களுக்கும் சொல்லுவார்கள், நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுவார்கள். விழித்தால் பெற்றோர் இருப்பார்கள் என்று ஏற்கனவே தெரிந்த குழந்தையை மனதில் வைத்து உருவான முறை அது. உங்கள் குழந்தைக்கு அந்த அடித்தளம் இன்னும் போடப்படவில்லை. அதை அழவிட்டால் கொஞ்ச நாளில் அழுகை நிற்கத்தான் செய்யும். என் மகள் காப்பகத்தில் கற்றுக்கொண்டு வந்த மௌனமும் அதே மாதிரி ஒன்றுதான்.

பகலில் செய்யும் வேலை

இரவுப் பயத்துக்குப் பாதி மருந்து பகலில் இருக்கிறது. துணியால் முகத்தை மூடித் திறந்து காட்டுவது, கதவுக்குப் பின்னால் ஒளிந்து சட்டென்று வருவது, கண்ணாமூச்சி எல்லாம் போன ஆள் திரும்பி வருவார் என்பதற்கான பயிற்சிதான். அடுத்த அறைக்குப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் 'வந்துவிட்டேன் பார்' என்று சொல்லுங்கள். வெளிச்சத்தில் ஓடி விளையாடட்டும். பெட்டி கட்டுவதைப் பார்த்தால் நடுங்கும் குழந்தைகள் உண்டு. பயணம் போவதானால் முன்பே சொல்லி, அதன் கையாலேயே பெட்டியில் இரண்டு துணி வைக்கச் சொல்லுங்கள்.

நள்ளிரவில்

கூப்பிட்டால் உடனே போங்கள். பெரிய விளக்கைப் போடாதீர்கள், அதிகம் பேசாதீர்கள். அதே இரண்டு வாக்கியம் போதும். சத்தம் போடாமல் விழித்திருக்கும் குழந்தையை நீங்கள்தான் அவ்வப்போது எட்டிப்பார்க்க வேண்டும்.

அலறி எழுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் வியர்த்து, கண் திறந்தபடியே அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டால், குழந்தை இன்னும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் இருக்கிறது. எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள். எங்கும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், தானாக அடங்கும். காலையில் அதற்கு நினைவிருக்காது. இரவின் பிற்பகுதியில் விழித்து, உங்களை அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டு அழுதால் அது கெட்ட கனவு. அப்போது தூக்கி வைத்துக்கொண்டு சமாதானப்படுத்தலாம்.

படுத்தபடியே உடம்பை ஆட்டுவது, தலையைத் தலையணையில் மோதிக்கொள்வது இரண்டையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். யாரும் தாலாட்டாத குழந்தை தன்னைத்தானே தாலாட்டிக்கொள்கிறது. அதட்டி நிறுத்தக் கூடாது. சுவர்ப்பக்கம் மெத்தென்று ஏதாவது கட்டிவிட்டு, தூங்கும் முன் மடியில் வைத்து அதே வேகத்தில் நீங்கள் ஆட்டுங்கள். ருமேனியாவில் புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த நீண்ட கால ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளிடம் இந்த மாதிரி ஆட்டங்கள் குறைந்தன. காயம் படும் அளவுக்கு மோதினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பையும் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் மனதையே காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் எளிதில் தீரும் விஷயம் தப்பிப்போகும். இரும்புச்சத்துக் குறைவால் கால்களை உதைத்துக்கொண்டே புரளும் குழந்தைகள் உண்டு, ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். கீரிப்பூச்சி இரவில்தான் ஆசனவாயில் வந்து முட்டையிடும், அந்த அரிப்பு தூங்கவிடாது. சிரங்கின் அரிப்பும் இரவில் கூடும். பலர் சேர்ந்து வாழ்ந்த இடத்திலிருந்து வந்த குழந்தையிடம் இந்த இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். தினமும் குறட்டை, வாயால் மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் டான்சில், அடினாய்டு சதை காரணமாக இருக்கலாம். காது வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை படுக்கவைத்ததும் வீறிடும். தூக்கத்தில் கை கால் ஒரே தாளத்தில் வெட்டி இழுத்தால் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு தாமதிக்காமல் காட்டுங்கள். மெலடோனின் உட்பட எந்தத் தூக்க மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

உங்கள் தூக்கத்துக்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியாக வளர்ப்பவர் என்றால் பகலில் வீட்டு வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் குழந்தையோடு சேர்ந்து தூங்குங்கள். தத்தெடுத்த பெற்றோருக்கும் மனச்சோர்வு வரும். வாரக்கணக்கில் அழுகையும் வெறுமையும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலகிப் படுப்பது எப்போது?

இதற்குத் தேதி கிடையாது. படுத்ததும் உடம்பு தளர ஆரம்பித்திருந்தால், விழித்து உங்களைப் பார்த்துவிட்டுத் தானே திரும்பிப் படுத்தால், மெத்தையை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். அது பழகியதும் இன்னொரு முழம். தனி அறைக்குப் போகும் நாள் வந்தால், முதலில் நீங்களும் அந்த அறையில் படுங்கள், பிறகு வாசலருகே நாற்காலி, பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறை. சில வீடுகளில் இதற்கு மாதங்கள் ஆகும், சில வீடுகளில் வருடங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது, வீடு மாறும்போது, காய்ச்சல் வந்தால், பிறந்தநாளோ வீட்டுக்கு வந்த நாளோ நெருங்கும்போது எல்லாம் பழையபடி ஆகலாம். அப்போது யோசிக்காமல் மெத்தையைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே, இரண்டாம் தடவை விலகிப் படுத்தது முதல் தடவையைவிடச் சீக்கிரம் நடந்தது.